ஆகஸ்ட்டில் ட்வின் ஃபால்ஸ் போகலாமா?

கேள்வி: சால்ட் லேக் சிட்டியிலிருந்து பாய்சிக்குக் காரில் வருகிறோம், ஆகஸ்ட் முதல் வாரம். வழியில் ஐடஹோ மாநிலத்து ட்வின் ஃபால்ஸில் ஓர் இரவு தங்கலாம் என்று யோசனை. நயாகராவைவிட உயரமான அருவி என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறார்கள். கூட அம்மா அப்பா, ஏழு வயதுப் பையன். பழைய டவுன்டவுனில் பார்க்க ஏதாவது உண்டா, இல்லை அருவியைப் பார்த்துவிட்டு அப்படியே கிளம்பிவிடலாமா?

ஏப்ரல் 21, இரவு

உயரம் பொய்யில்லை. ஷோஷோனி அருவி 212 அடி, நயாகராவைவிட ஏறக்குறைய 45 அடி அதிகம். ஆனால் அந்த உயரம் பாறைக்குச் சொந்தம், தண்ணீருக்கு இல்லை. ஆகஸ்ட்டில் போனால் 900 அடி அகலத்துக்கு வெயிலில் காயும் பாறை, இடுக்குகளில் நாலைந்து வெள்ளை இழை, அவ்வளவுதான் இருக்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடு வரை போங்கள். தேதியை மாற்ற வழியுண்டா?

ஏப்ரல் 22

"கோடைதானே அருவிக்கு சீசன்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். குற்றாலத்துக் கணக்கை இங்கே போடக்கூடாது. ஐடஹோவின் இந்தப் பகுதி கிட்டத்தட்டப் பாலைவனம், மழை கொஞ்சம்தான். இந்த அருவி விழும் ஸ்னேக் ஆற்றுக்குத் தண்ணீர் தருவது கிழக்கே வயோமிங் மலைகளில் உறையும் பனி. அது உருகி வரும் நேரத்தில், மேலே அணைகள் நிரம்பி மிச்சம் திறந்துவிட்டால்தான் ஷோஷோனிக்கு வாழ்வு. பனி குறைந்த வருஷத்தில் மே மாதத்திலேயே இளைத்துப் போகும். 2017 மாதிரி பனி கொட்டிய வருஷம் என்றால் பார்வை மேடையில் நிற்பவர்கள் தொப்பலாக நனைவார்கள்.

மே 5

நேற்று என் அப்பா அம்மாவை ட்வின் ஃபால்ஸுக்குக் கூட்டிப்போய் வந்தேன். ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். பாய்சியிலிருந்து சுமார் 130 மைல், 84-ஆம் நெடுஞ்சாலையில் 80 மைல் வேகம் அனுமதி என்பதால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அந்த இரண்டு மணி நேரமும் கண்ணில் படுவது சேஜ் புதர், மாட்டுப் பண்ணை, தட்டையான தரை. பள்ளத்தாக்கு என்று ஒன்று இருப்பதற்கான அடையாளமே கிடையாது. "எங்கேடா மலை?" என்று அம்மா வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

மலை கிடையாது. அதுதான் இந்த ஊரின் வேடிக்கை. நெடுஞ்சாலையிலிருந்து தெற்கே திரும்பி வண்டி பெரைன் பாலத்தில் ஏறியதும், இரண்டு பக்கமும் தரை இல்லாமல் போய்விடுகிறது. கீழே 486 அடியில் ஆறு. 1,500 அடி நீளப் பாலம், முப்பது நொடியில் தாண்டிவிடலாம். தாண்டியதும் மறுபடியும் தட்டைத் தரை, மால், பெரிய பெரிய கடைகள், பார்க்கிங். பார்வையாளர் மையம் பாலத்தின் தென்கரையில், கடைத்தெருவுக்குப் பின்புறத்திலேயே இருக்கிறது. மளிகை வாங்க வந்தவர்கள் தள்ளுவண்டியை விட்டுவிட்டு எட்டிப் பார்க்கும் தூரத்தில் கேன்யன்.

பாலத்தில் இரண்டு பக்கமும் நடைபாதை உண்டு. லாரி போகும்போது காலுக்கடியில் அதிர்வு தெரியும். அப்பா கைப்பிடியை விடவில்லை, ஆனால் திரும்பவும் இல்லை.

மே 5, கொஞ்சம் கழித்து

குதிப்பவர்களைப் பற்றி எழுத விட்டுப்போச்சு. வருஷம் முழுக்க அனுமதிச் சீட்டு எதுவும் இல்லாமல் பாராசூட் கட்டிக் குதிக்கலாம் என்று விட்டிருக்கும் பாலம் இது. பார்வையாளர் மையத்தின் புல்வெளியில் பாராசூட்டை விரித்துப்போட்டு மடித்துக்கொண்டிருப்பார்கள். முழங்காலால் துணியை அழுத்திக் காற்றை வெளியேற்றி, கயிறுகளைக் கத்தைகத்தையாகப் பிடித்து ரப்பரில் மாட்டுகிறார்கள். அவசரமே இல்லை. ஒரு பெண் மடித்து முடித்துப் பையை முதுகில் மாட்டி, தண்ணீர் குடித்துவிட்டு நடைபாதையில் போனார். கைப்பிடிக்கு வெளிப்பக்கம் இறங்கி நின்றார், ஒரு கையில் கைக்குட்டை மாதிரி சுருட்டிய குட்டிப் பாராசூட். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். மூன்று நொடி இருக்கும், அப்புறம் கீழேயிருந்து "டப்" என்று துணி விரியும் சத்தம். இறங்கியவர் பாறைச் சரிவில் மேலே ஏறி வந்து மறுபடி மடிக்க உட்காருவார்.

ஏழு வயதுப் பையனுக்கு அருவியைவிட இதுதான் பிடிக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

மே 9

டவுன்டவுன் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். பழைய ஊர் பாலத்திலிருந்து தெற்கே இரண்டு மூன்று மைல். பயணிகளில் பாதிப் பேர் அங்கே எட்டியே பார்ப்பதில்லை. மாலும் பாலமும் அருவியும் ஒரு பக்கமாக அமைந்துவிட்டன, பாவம்.

மெயின் அவென்யூவில் ஒரு நடை போகலாம். செங்கல் முகப்புக் கட்டடங்கள், ஆர்ஃபியம் தியேட்டர், கொஞ்சம் தள்ளி 1911-இல் கட்டிய வெள்ளைத் தூண் வைத்த கவுன்டி நீதிமன்றம், அதன் எதிர்ப்பக்கம் மரநிழலோடு சிட்டி பார்க். 2017 வாக்கில் தெருவையே கிண்டிப் புதுப்பித்தார்கள். நகர மன்றம் இப்போது ஒரு பழைய ஃபர்னிச்சர் கடைக் கட்டடத்தில் நடக்கிறது, அதன் அருகில் குழந்தைகள் நனைய நீரூற்றுத் திடல். ரயில் பாதைப் பக்கம் போனால் கிடங்குத் தெரு. பீன்ஸும் உருளைக்கிழங்கும் மூட்டை மூட்டையாக ஏறி இறங்கிய செங்கல் கிடங்குகள். எனக்கு மெயின் அவென்யூவைவிட இந்தப் பக்கம்தான் பிடிக்கும், பூசிமெழுகாத முகம்.

"வரலாற்று நகரம்" என்றதும் முன்னூறு வருஷம் என்று நினைத்து வராதீர்கள். ஊர் பிறந்தது 1904-இல். எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் இதைவிடப் பழசு என்றார் அப்பா.

மே 10

யாரோ ஜிபிஎஸ் குழம்பியதாகப் புலம்பியிருக்கிறார். ஜிபிஎஸ் மேல் பழி வேண்டாம், ஊரே அப்படித்தான். இதை வரைந்தவர் இம்மானுவேல் மாஸ்கரே, 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியின் வடிவமைப்பாளர். தெருக்களை வடக்கு தெற்காகப் போடாமல் 45 டிகிரி சாய்த்துப் போட்டுவிட்டார். நாளில் ஏதாவது ஒரு நேரம் ஒவ்வொரு அறைக்கும் வெயில் வர வேண்டும் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் மெயின் அவென்யூவும் ஷோஷோனி தெருவும் வெட்டிக்கொள்ளும் இடத்தை மையமாக வைத்து ஊரை நாலாகப் பிரித்ததில், இரண்டாவது அவென்யூ என்று இரண்டு சாலை, அவற்றுக்கு வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று நாலு பெயர். போதாததற்கு ஆரம்பத்தில் குறுக்குத் தெருக்களுக்கும் எண்தான். மூன்றாவது தெருவும் மூன்றாவது அவென்யூவும் சேரும் இடத்தில் நில் என்று சொன்னால் நிற்பவன் எங்கே நிற்பான்? பின்னால் குறுக்குத் தெருக்களுக்குப் பெயர் வைத்தார்கள். அவென்யூக்கள் அப்படியே இருக்கின்றன. முகவரியில் கடைசியில் வரும் திசையைப் படிக்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

மே 27

"மின்சாரக் கம்பெனிதான் அருவித் தண்ணீரைத் திருடுகிறது" என்று எழுதியிருப்பவருக்கு: பாதிதான் சரி. ஷோஷோனியில் 1907-லிருந்து மின்நிலையம் இருக்கிறது, தண்ணீரின் ஒரு பங்கு பாறைக்குள் இறங்கி டர்பைனைச் சுற்றிவிட்டு அருவிக்குக் கீழே ஆற்றிலேயே விழுகிறது. அருவியைத் தாண்டிப் போகிறதே தவிர ஆற்றை விட்டுப் போவதில்லை. கோடையில் பகல் நேரத்தில் பார்க்க வருபவர்களுக்காகக் கொஞ்சம் விட வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு.

உண்மையான பங்கு போவது அதற்கு மேலே, மில்னர் அணையில். 1905 மார்ச் 1-இல் அந்த மதகுகளை அடைத்த நாள்தான் இந்த ஊருக்குப் பிறந்தநாள் என்றே சொல்லலாம். 1894-இன் கேரி சட்டப்படி, தரிசு நிலத்துக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தால் குடியேறுபவர்களுக்கு அந்த நிலம் மலிவு விலையில் கிடைக்கும். ஐரா பெரைன் என்பவர் பள்ளத்தாக்கின் அடியில் பழத்தோட்டம் போட்டு, சுரங்க ஊர்களுக்குப் பாலும் பழமும் விற்றுக்கொண்டிருந்தவர். மேலே காய்ந்து கிடந்த சமவெளிக்கு ஆற்றை ஏற்றிவிடலாம் என்று பணக்காரர்களைப் பிடித்துப் பேசி முதல் போட வைத்தார். அவர்களில் மூவரின் பெயர்தான் இன்று மில்னர் அணை, பியூல் (Buhl), கிம்பர்லி ஊர்கள் என்று வரைபடத்தில் இருக்கிறது. தென்கரையில் மட்டும் சுமார் 2 லட்சம் ஏக்கர். உருளைக்கிழங்கு, சர்க்கரை எடுக்கும் பீட்ரூட், பார்லி, அல்ஃபால்ஃபா. அல்ஃபால்ஃபாவை மாடு தின்கிறது, மாட்டுப் பால் 2012-இல் திறந்த சோபானி தயிர் ஆலைக்குப் போகிறது. 45 கோடி டாலர் போட்டுக் கட்டிய ஆலை, திறந்தபோது உலகிலேயே பெரியது.

அருவியின் முன்னால் நின்று அப்பா கேட்ட முதல் கேள்வியே "இந்தத் தண்ணீரை எங்கே மடக்குகிறார்கள், தலைப்பு எங்கே?" என்பதுதான். கடைமடை விவசாயி. சொன்னேன். "முறை வைக்கிறார்களா?" என்றார். இங்கே முறை கிடையாது, யார் முதலில் எடுக்க ஆரம்பித்தார்களோ அவர்களுக்கே முதல் உரிமை, தட்டுப்பாடு வந்தால் பின்னால் வந்தவனுக்கு அடைப்பு என்றேன். ஆற்றுக்காரர்களுக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்காரர்களுக்கும் இதில் ஓயாத வழக்கு. பட்டா வாங்கிய தேதியைப் பார்த்தா தண்ணீர் விடுவார்கள் என்று அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "அப்ப நமக்கு முதல் மதகு" என்று சிரித்தார்.

மே 28

நேற்று எழுதியது நீண்டுவிட்டது. அதில் விட்டது: மில்னருக்குக் கீழே ஆற்றில் இவ்வளவு ஓடியே ஆக வேண்டும் என்று மாநிலத் திட்டத்தில் அளவு இல்லை. பூஜ்யம் கூடப் போதும். அணையை அடுத்து ஆறு காய்ந்து கிடப்பதைப் பார்த்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஆனால் கீழே போகப் போகத் தண்ணீர் வருகிறது. எங்கிருந்து என்றால் சுவரிலிருந்து. ஹேகர்மன் பக்கம் ஆயிரம் ஊற்றுகள் என்ற இடத்தில், பள்ளத்தாக்கின் வடக்குச் சுவரில் பாதி உயரத்தில் எரிமலைக் குழம்புப் பாறையின் விரிசல்களிலிருந்து ஊற்று ஊற்றாகக் கொட்டுகிறது. வடக்கே மலையிலிருந்து வரும் சில ஆறுகள் இந்தச் சமவெளியில் மண்ணுக்குள் புகுந்து மறைகின்றன, அந்தத் தண்ணீரும் வயல்களில் கசிந்ததும் சேர்ந்து இங்கே வெளியே வருகிறது. கோடை குளிர் பேதமில்லாமல் ஒரே சில்லிப்பு. அமெரிக்காவில் வளர்த்து விற்கும் டிரவுட் மீனில் பெரும்பங்கு இந்தத் தொட்டிகளில்தான் வளர்கிறது. சைவம் இல்லை என்றால் ஊரில் டிரவுட் சாப்பிடுங்கள். சைவம் என்றால் உருளைக்கிழங்கு வறுவலும் அதற்குத் தொட்டுக்கொள்ளத் தரும் ஃபிரை சாஸும். மயோனைஸும் கெட்ச்அப்பும் கலந்ததுதான், ஐடஹோக்காரர்களிடம் அப்படிச் சொல்லிவிடாதீர்கள்.

ஜூன் 16

ராக்கெட் கதை கேட்டவருக்கு. ஆமாம், 1974 செப்டம்பர் 8, ஈவல் கினீவல் என்ற மோட்டார் சைக்கிள் சாகசக்காரர் நீராவி ராக்கெட்டில் உட்கார்ந்து இந்தப் பள்ளத்தாக்கைத் தாண்டப் பார்த்தார். கிளம்பும்போதே பாராசூட் விரிந்துவிட்டது. காற்று பின்னால் தள்ளி, கீழே ஆற்றங்கரையில் போய் இறங்கினார். கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் தண்ணீர். அவர் ஏறிய மண்மேடு இன்னும் இருக்கிறது, தென்கரை விளிம்பை ஒட்டிய நடைபாதையில் பாலத்திலிருந்து கிழக்கே போனால் தெரியும். உண்மையைச் சொன்னால் அது ஒரு மண்மேடுதான், பார்த்ததும் முகம் சுருங்கும். நடை நல்ல நடை, அதற்காகப் போங்கள். கினீவல் விட்டதை எடி பிரான் என்ற ஸ்டன்ட்காரர் 2016-இல் அதே மாதிரி ராக்கெட் செய்து தாண்டிக் காட்டினார், அதை யாரும் கேட்பதில்லை. தோற்றவனுக்குத்தான் கல்வெட்டு.

ஜூன் 17

பள்ளத்தாக்கு எப்படி வந்தது என்று பையன் கேட்டால் சொல்ல: பனியுகத்தின் கடைசியில் யூட்டாவில் போன்வில் என்று ஒரு பிரம்மாண்ட ஏரி இருந்தது. நீங்கள் கிளம்பும் ஊரின் உப்பு ஏரி அதன் மிச்சம். சுமார் 18,000 ஆண்டுகளுக்கு முன்னால் அது வடக்கே ரெட் ராக் கணவாயில் கரையை உடைத்துக்கொண்டு இந்த வழியாகப் பாய்ந்தது. ஏற்கெனவே ஆறு அறுத்து வைத்த பள்ளத்தை அகட்டி ஆழமாக்கி, வீட்டளவு பாறைகளை உருட்டி உருண்டையாக்கிப் போட்டுவிட்டுப் போனது. ஆக உங்கள் பயணமும் அந்த வெள்ளம் வந்த வழியும் ஏறக்குறைய ஒன்று.

ஜூலை 13

முதலில் எழுதிய "ஆகஸ்ட்டில் போகாதீர்கள்" என்பதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். நேற்று வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். ஷோஷோனி சொன்ன மாதிரியேதான், காருக்குக் கட்டணம் கட்டி உள்ளே போனவர்கள் பாறையைப் பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் வரிசையில் நின்றார்கள். ஆனால் பெரைன் கூலி (Perrine Coulee) அருவி கொட்டிக்கொண்டிருந்தது! காரணம் எளிது. அது ஆறு இல்லை, வாய்க்கால் கழிவு. வயலுக்குப் பாய்ந்து மிஞ்சியது ஓடையாகச் சேர்ந்து பள்ளத்தாக்கின் விளிம்பிலிருந்து சுமார் 200 அடி கீழே விழுகிறது. பாசனம் உச்சத்தில் இருக்கும்போது இதற்கும் உச்சம். பெரிய அருவி எந்தத் தண்ணீரை இழந்து காய்கிறதோ அதே தண்ணீரில் ஒரு கை இங்கே விழுகிறது.

கேன்யன் ஸ்பிரிங்ஸ் சாலையில் இறங்கும்போது இடது புறம் பாதை பிரியும், அருவிக்குப் பின்னாலேயே நடந்து போகலாம். பாறை வழுக்கும், அப்பா அம்மாவுக்குக் கையைக் கொடுங்கள். பின்னால் போய் நின்றால் சாரலில் ஈர மண் வாடை, உரம் போட்ட வயலின் வாடை. குளிக்க ஆசைப்பட வேண்டாம்.

அதே சாலையில் கீழே போனால் ஆற்றங்கரைப் பூங்கா. கயாக் வாடகைக்குக் கிடைக்கும். எதிர் ஓட்டத்தில் பாலத்துக்கு அடியில் நுழைந்து பில்லர் அருவி வரை துடுப்புப் போடலாம், ஆகஸ்ட்டில் ஓட்டம் மெதுவாக இருப்பதால் அதுவும் எளிது. மேலேயிருந்து பார்த்த பாலத்தைக் கீழேயிருந்து பார்ப்பதற்கே போகலாம். பாலம் மெல்லிய கம்பியாகத் தெரியும், அதில் நகரும் லாரி தீப்பெட்டி.

ஜூலை 14

ட்வின் ஃபால்ஸ் என்ற பெயருள்ள அருவியே எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். ஷோஷோனிக்கு மேலே சில மைல். இரண்டாகப் பிரிந்து விழுந்ததில் ஒன்றை 1935-இல் மின் அணை எடுத்துக்கொண்டது. மிச்சம் ஒன்று. நேரம் இருந்தால் போகலாம், இல்லையென்றால் நஷ்டமில்லை.

சால்மன் மீன் பற்றிய சந்தேகத்துக்கு: கடலிலிருந்து ஏறி வந்த சால்மனுக்கு ஷோஷோனி அருவிதான் கடைசி எல்லை, 212 அடியை எந்த மீனும் தாண்டாது. அருவிக்குக் கீழே ஷோஷோனி, பேனாக் பழங்குடி மக்கள் மீன் பிடித்தார்கள். இப்போது கீழே ஹெல்ஸ் கேன்யனில் இருக்கும் அணைகளைத் தாண்டியே அவை வருவதில்லை.

ஜூலை 30

தேதியை மாற்ற முடியவில்லை என்று கேட்டவர் எழுதியிருக்கிறார். சரி, அப்படியானால் என் யோசனை.

மத்தியானம் வந்து சேருவீர்கள், வெயில் 95 டிகிரி ஃபாரன்ஹீட்டைக்கூடத் தொடும். நேராகப் பாலத்துக்குப் போகாமல் வழியில் மினிடோகா முகாமைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில், 1942-லிருந்து, வாஷிங்டன், ஓரிகன், அலாஸ்காவிலிருந்து 13,000-க்கு மேற்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களைக் கொண்டுவந்து அடைத்த இடம். பாதிப் பேர் நினைப்பது போல வெறும் பலகை மட்டும் இல்லை. காவல் கோபுரம், அவர்களைத் தங்க வைத்த கொட்டகை ஒன்று, பக்கத்தில் ஓடும் வாய்க்கால். அந்த வருஷங்களில் ஆள் பற்றாக்குறையில் இந்தப் பகுதியின் பீட்ரூட்டை அறுவடை செய்தவர்களில் இவர்களும் உண்டு. மையம் வாரத்தில் எல்லா நாளும் திறக்காது, நேரத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள். நிழலும் கிடையாது. பையனுக்குச் சலிக்கும், பெரியவர்களுக்கு இல்லை.

மாலை ஆறுக்கு மேல் பாலம், குதிப்பவர்கள். ராத்திரி டவுன்டவுனில் சாப்பாடு. மறுநாள் காலை வெயில் ஏறுமுன் பெரைன் கூலி, அப்புறம் டீர்கஸ் ஏரி. ஷோஷோனிப் பூங்காவுக்குள்ளேயே இருக்கிறது, பையன் நீந்தட்டும். ஷோஷோனி மேடையில் பத்து நிமிஷம் நின்றால் போதும்.

ஜூலை 31

தங்கும் நாள் ஞாயிறு என்பதை இப்போதுதான் கவனித்தேன். ஞாயிறை ஓய்வுநாளாக வைக்கும் மார்மன் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய இருக்கும் ஊர், டவுன்டவுனில் கடைகளில் பாதிக்கு மேல் ஞாயிறு பூட்டு. ஒரு தடவை குடும்பத்தோடு அங்கே போய், பூட்டிய கதவுகளில் ஒட்டியிருந்த நேர அட்டவணைகளை எல்லாம் படித்துவிட்டு, கடைசியில் பெட்ரோல் பங்க்கில் சிப்ஸ் வாங்கினோம். முடிந்தால் சனிக்கிழமைக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் சாப்பாட்டுக்குப் பாலத்துப் பக்கமே பாருங்கள், மெயின் அவென்யூவைத் திங்கள் காலை பத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

பாய்சிக்கு வரும்போது மலாட் கார்ஜில் நிறுத்தலாம். நெடுஞ்சாலைக்கு நேர் அடியில் ஒரு குட்டிப் பள்ளத்தாக்கு, மேலே 80 மைலில் போகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஊற்று நீர் சேரும் ஆறு என்பதால் பார்க்கவும் ஜோராக இருக்கும்.

ஆகஸ்ட் 1

சர்க்கரை ஆலை நாற்றம் பற்றிக் கேட்டவருக்கு: அது இலையுதிர் காலத்தில் பீட்ரூட் அறுவடை தொடங்கிய பிறகு. ஆகஸ்ட்டில் மாட்டு நாற்றம் மட்டும்தான்.